கையெழுத்துப் போடாத அக்கா

அந்த அறிக்கையை டைப் செய்தவன் நான். ஆபிஸ் ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கண்டாக்கையா என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு வாக்கியமாக நிதானமாகச் சொன்னார். மலை வேலைகளை மேற்பார்க்கும் அதிகாரியை எங்கள் தோட்டங்களில் அப்படித்தான் அழைப்போம். "எச்சரிக்கையையும் மீறி, கூடுதலாகக் கொழுந்து எடுக்கும் ஆசையில், மேற்படி தொழிலாளி தானாகவே அந்தப் பகுதிக்குள் சென்றார்." 'தானாகவே' என்ற சொல்லில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். "திருத்துங்க தம்பி, பிழை இருக்கக் கூடாது" என்றார். எழுத்துப் பிழையைத்தான் சொன்னார். அவர் சட்டைப் பையில் எப்போதும் போல அந்தச் சின்ன வேதாகமம் இருந்தது. குனிந்தபோது அதன் விளிம்பு என் தோளில் உரசியது.

பதினாறு வருஷமாகிறது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் துக்கம் வருவதில்லை, கோபம்தான் வருகிறது. முதலில் அவர் மேல், அப்புறம் என் மேல். சில நாட்களில் வரிசை மாறிவிடும்.

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. நான் ஆபிஸில் சின்னக் கிளாக்கர். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துச் சபையில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துவேன். கண்டாக்கையா சபையின் செயலாளர். நான் சொல்ல வந்த அக்காவும் எங்கள் சபைதான். பத்துப் பன்னிரண்டு வருஷம் கொழுந்தெடுத்து, பிறகு முப்பது பெண்களுக்குச் சுப்பவைசராக வந்தவர். அந்த வேலையில் பெண்கள் அபூர்வமாக இருந்த காலம். ஆபிஸில் என்னை "ஐயா" என்பார், சபையில் "தம்பி" என்பார். ஒரே ஒரு நாள் தவிர, இரண்டையும் மாற்றிச் சொன்னதில்லை.

அவரைப் பக்தியுள்ளவர் என்று சபையில் யாரும் சொன்னதில்லை. கூட்டத்தில் சத்தமாக ஜெபிக்கத் தெரியாது. உபவாசக் கூட்டங்களுக்கு வரமாட்டார், வேலைநாளில் பட்டினி கிடந்தால் மலை ஏற முடியாது என்பார். ஆனால் அவருடைய கூட்டத்தில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் செங்குத்தான தேயிலை நிரை அவளுக்குப் போகாது. மழையில் அட்டை கடித்துக் காலெல்லாம் ரத்தமாக நிற்பவளை முதலில் இறங்கச் சொல்வார். தான் சொன்னதைக் கேட்காதவளைத் திட்டுவார், நன்றாகவே திட்டுவார், ஆனால் அதைக் கண்டாக்கையாவின் காதுக்குக் கொண்டுபோகமாட்டார். இதையெல்லாம் நாங்கள் பக்தியின் கணக்கில் சேர்க்கவில்லை. எங்களுக்குப் பக்தி என்றால் சினிமா பார்க்காதது, பொட்டு வைக்காதது, கண்ணை மூடிக் கைதூக்கிப் பாடுவது. திங்கட்கிழமைக் காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது என்ன பேசுகிறோம் என்பது பற்றி எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

அப்படி ஒரு காலையில்தான், ஆட்பதிவுப் புத்தகமான செக்ரோலைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்கும்போதே, அக்கா கண்டாக்கையாவிடம் வந்தார்.

"ஐயா, பதினோராம் நம்பர் மலை மேல்பக்கம் வேணாங்க. டர்பன்டைன் மரத்துல குளவிக்கூடு பெருசா இருக்கு. நேத்தே ரெண்டு மூணு சுத்துச்சு. கூட்டைக் கலைச்சிட்டு அப்புறம் போறோம்."

கண்டாக்கையா சிரித்தார். "குளவிக்குப் பயந்தா கொழுந்து தானா கூடைக்கு வருமா? ஜெபம் பண்ணிட்டுக் கூட்டிட்டுப் போ."

"ஜெபம் பண்ணிட்டுத்தாங்க வந்து சொல்றேன்" என்றார் அக்கா.

களத்தில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைக் கண்டாக்கையா தாங்கவில்லை. அக்கா தன் ஆட்களைக் கீழ்ப்பக்கத்தில் நிறுத்தியதும், எட்டு மணிபோல அவரே மலைக்குப் போய், நான்கு பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மேலே ஏறச் சொல்லியிருக்கிறார். அக்கா குறுக்கே போய் நின்றிருக்கிறார். "இங்க நீ கண்டாக்கா, நான் கண்டாக்கா?" என்று கண்டாக்கையா கேட்டாராம். நால்வரும் ஏறினார்கள். வேறென்ன செய்வார்கள்?

பத்து மணிக்குக் குளவி கலைந்தது. மூன்று பேர் உருண்டு புரண்டு கீழே வந்துவிட்டார்கள். நான்காவது பெண் தேயிலைச் செடிகளுக்கிடையில் கால் சிக்கி விழுந்துவிட்டாள். அக்கா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு மேலே ஓடினார். அந்தப் படங்கை அவள் மேல் மூடி, தன் முகத்தைத் திறந்தபடி விட்டு, அவளை இழுத்துக்கொண்டு வந்தார். அவளைக் கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை. அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள் இருந்தாள்.

இரண்டு நாள் கழித்துத்தான் அந்த அறிக்கை. சுப்பவைசரின் கையெழுத்து வேண்டும் என்று அக்காவை ஆபிஸுக்கு வரச் சொன்னார்கள். ஒரு கண் முழுதாக மூடியிருந்தது. உதடு தடித்து, முகம் யாருடையதோ போல இருந்தது. அவர் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். திறந்திருந்த கண்ணுக்கு அருகில் தாளைப் பிடித்து, உதடசைய, ஒரு சொல்லும் விடாமல் வாசித்தார். எனக்கு அந்த நேரம் முடியவே முடியாது போலிருந்தது.

"ஐயா, இதுல உண்மையா இருக்கிறது செத்தவ பேரும் என் பேரும் தேதியும்தான்" என்றார்.

கண்டாக்கையா குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு, நாம ஒரே சபை. ஒருத்தர ஒருத்தர் தாங்கணும். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. செத்தவ இனி வரப்போறதில்ல."

"செத்தவ நம்ம சபை இல்லீங்க. அதுக்காக அவ மேல பொய் சொல்லலாமா? பொய் சொல்லாதன்னு நமக்குச் சொன்னது ஞாயித்துக்கிழமைக்கு மட்டுமா?"

பிறகு என் பக்கம் திரும்பினார். ஆபிஸுக்குள் முதலும் கடைசியுமாக என்னைத் தம்பி என்றது அப்போதுதான். "தம்பி, நீங்க பெரட்டுக்களத்துல பக்கத்துலதானே நின்னீங்க. நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சுதானே?"

நான் டைப்ரைட்டரைப் பார்த்துக்கொண்டு, "சரியா கேக்கலக்கா" என்றேன்.

எஜமானைத் தெரியாது என்று மூன்று முறை சொன்ன சீடனின் கதையை அதற்கு முந்தைய மாதம்தான் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டியிருந்தேன். அவன் அழுதான் என்பதை நானே அழுது காட்டினேன். ஆபிஸில் எனக்கு அழுகை வரவில்லை. அக்கா தாளை மேசையில் வைத்து, காற்றில் பறக்காமலிருக்க மேலே என் மைப்புட்டியையும் தூக்கி வைத்துவிட்டு வெளியே போனார். அன்று அந்த மலைக்கே போகாத இன்னொரு சுப்பவைசர் கையெழுத்துப் போட்டார். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன்.

அடுத்த வாரமே சுப்பவைசர் வேலை போய், அக்கா மறுபடியும் கூடை தூக்கினார். மேற்பார்வையில் கவனக்குறைவு என்று காரணம் எழுதப்பட்டது. அதையும் நான்தான் டைப் செய்தேன். போதகர் அவருடைய லயத்து வீட்டுக்குப் போய், சகோதரரை மன்னித்துவிடும்படி கேட்டாராம். "மன்னிச்சிட்டேங்க. பொய்ய மட்டும் திருத்தச் சொல்லுங்க" என்றாராம் அக்கா. மனம் கடினப்பட்டுப்போன சகோதரி என்று அதற்குப் பிறகு சபையில் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். மன்னிப்பு என்ற சொல்லை எவ்வளவு வசதியான சாமானாக ஆக்கி வைத்திருக்கிறோம் என்று எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. தப்புச் செய்தவன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அடிபட்டவளிடம் போய் மனதை இளக்கிக்கொள்ளச் சொல்கிறோம். அதற்கு வசனமும் சொல்கிறோம்.

அக்கா சபையை விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வந்தார், அதே மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர்கள்தான் மெல்ல மெல்ல வேறு பெஞ்சுக்கு மாறினார்கள். செத்துப்போனவளின் புருஷனிடம் அவர் நடந்ததையெல்லாம் சொன்னார். அவனுக்கோ ஆபிஸ் அந்த அறிக்கையின் பிரதியையும், காவல் பார்க்கும் வாச்சர் வேலையையும் கொடுத்திருந்தது. கேட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். கொஞ்ச நாளில் மகளை டிக்கோயாவில் இருந்த தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டான். நான் பெரிய கிளாக்கர் ஆனேன். தோட்ட வீடு கிடைத்தது, கல்யாணம் நடந்தது. கண்டாக்கையா ஓய்வு பெற்றபோது வாழ்த்து மடலை நான் வாசித்தேன். 'தன் விசுவாசத்தைத் தன் தொழிலில் வாழ்ந்து காட்டியவர்' என்று அதில் எழுதியதும் நான்தான்.

இந்த வருஷம் ஜனவரியில் அந்த மகள் எங்கள் தோட்டத்துக்கே வந்தாள். பயிற்சி முடித்து, பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளராக. வேலையேற்கும் தாளில் அப்பா பெயரைப் பார்த்ததும் எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. முத்திரையை மட்டும் குத்திக் கொடுத்தேன்.

மார்ச்சில் ஒரு காலை, குழந்தைகளை விட வந்த பெண்கள் குளவிக்கூடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஆபிஸுக்குப் போகும் வழி. அவள் ஒரு கைக்குழந்தையை வாங்கிக்கொண்டே சொன்னாள்: "பாத்துப் போங்கக்கா. எங்கம்மா மாதிரி ரெண்டு கிலோ கொழுந்துக்கு ஆசப்பட்டுச் செத்துப்போயிறாதீங்க. புள்ளைகள நெனச்சுக்கங்க."

என் வாக்கியம் அது. நான் எழுத்துப் பிழை திருத்திய வாக்கியம், ஒரு பெண்ணின் வாயில் அவள் அம்மாவைப் பற்றிய ஞாபகமாக உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் அக்காவின் லயத்துக்குப் போனேன். அவருக்கு அறுபதாகப் போகிறது, முழங்கால் சரியில்லை. பேசத் தொடங்கியதும் நான் மன்னிப்புத்தான் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்கிட்ட கேட்டு என்ன ஆகப்போவுது தம்பி? எனக்கு நடந்தது தெரியும். நான் அந்தப் புள்ளகிட்ட போய்ச் சொன்னேன். 'எழுதிக் கையெழுத்துப் போட்ட பேப்பர் எங்கப்பாகிட்ட இருக்கு, ஒங்க பேச்ச எப்படி நம்புறது'ன்னு கேக்குது. அது கேக்குறது ஞாயந்தானே? கையெழுத்து போட்ட ஆளு நீங்க. நீங்க போய்ச் சொல்லுங்க."

மறுநாள் போனேன். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்த மதிய நேரம். கண்டாக்கையா சொன்னது, அக்கா தடுத்தது, நான் கேட்டது, கேட்கவில்லை என்று சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தவில்லை. முடித்த பிறகு கேட்டாள்.

"அப்ப எங்கம்மா ஆசப்பட்டுப் போகலியா?"

"இல்லம்மா. போகச் சொன்னாங்க."

"நான் எங்கம்மா படத்துக்கு ஒரு நாள் வெளக்கு ஏத்துனதில்ல ஐயா. என்னைய விடக் கொழுந்துதானே பெருசாப் போச்சுன்னு நெனச்சேன். பதினாறு வருஷம் நெனச்சேன்." குழந்தையின் போர்வையைச் சரிசெய்துவிட்டு, "ஒங்களுக்குப் புள்ளைங்க இருக்கா?" என்று கேட்டாள். இரண்டு என்றேன். அதற்கு மேல் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் எழுந்தபோதுதான், "இத எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி? அந்த ஐயா இருக்கிற எடத்துல சொல்லுங்க. நானும் வாரேன்" என்றாள்.

அவர் இருக்கிற இடம் சபைதான். அங்கே பாட்டுகள் முடிந்ததும் சாட்சி சொல்ல நேரம் கொடுப்பார்கள். சுகமானது, பாஸ்போர்ட் கிடைத்தது, மகன் பரீட்சை பாஸ் பண்ணியது எல்லாம் அதில் வரும். அந்த ஞாயிறு நான் எழுந்தேன். கண்டாக்கையா முன்வரிசையில், கம்பளிக் குல்லாவை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவள் கதவோரம் பொட்டும் பூவுமாக நின்றாள். என் மனைவிக்குக்கூட நான் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

பெரட்டுக்களத்திலிருந்து தொடங்கினேன். "அந்த அறிக்கையில சாட்சின்னு கையெழுத்துப் போட்டவன் நான், போட்டது பொய்" என்ற இடத்துக்கு வந்தபோது கண்டாக்கையா எழுந்து, "போதகரே, இது ஆராதனை. ஆபிஸ் விசயம் பேசுற எடமில்ல" என்றார். பதினாறு வருஷத்தில் அவர் குரல் கொஞ்சமும் வயதாகவில்லை. புதிதாக வந்திருந்த இளம் போதகருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கீபோர்ட் வாசிப்பவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். பாட்டு தொடங்கியது. கூட்டமும் பழக்கத்தில் எழுந்து கைதட்ட ஆரம்பித்தது. உட்கார்ந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். இப்போதும் வெட்கத்தோடு சொல்கிறேன், நினைத்தேன்.

மூன்றாம் பெஞ்சில் அக்கா மட்டும் எழவில்லை. கையும் தட்டவில்லை. கதவோரத்திலிருந்து அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்து வந்தாள். எல்லோரையும் தாண்டி வந்து, கீபோர்டுக்கு முன்னால் நின்றாள்.

"பாட்ட நிறுத்துங்க. செத்தது எங்கம்மா. அவரு சொல்லி முடிக்கட்டும்."

பாட்டு நின்றது. நான் சொல்லி முடித்தேன்.