தோணிக்குள் இரண்டு அடி

செபமாலை காலமான செய்தி எனக்குக் கனடாவிலிருந்து வந்தது. தன்னாமுனையில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் நான்கு வேலிகள்தான். ஊரவர் எல்லோருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்திருக்கிறார்கள். அந்தக் குழுவிலிருந்து நான் முன்பே கோபித்துக்கொண்டு விலகியிருந்தேன். காலைத் தேநீர் ஆறுவதற்குள் ரொறன்ரோவிலிருந்து மகள் ஜெனிற்றா அழைத்தாள். "அப்பா, செபமாலை மாமா போயிட்டாராம். நீங்க இன்னும் அங்க போகல்லயா?" நேரில் வந்து சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை நான் மறக்கப் போவதில்லை.

உங்களுக்கெல்லாம் அவர் வாவியில் வீச்சுவலை எறிந்தவர். எனக்கு அவரோடு ஒரு வழக்கு இருந்தது.

ஜெனிற்றா அங்கே ஒரு பெண்கள் அணியில் ஆடுகிறாள். நம்முடைய உதைபந்து அல்ல. நீள்உருண்டைப் பந்தைக் கையால் எறிந்து ஆடுவது. எறிபவருக்குக் குவாட்டர்பக் என்று பெயர். அதுதான் அவளுடைய இடம். எதிரணியினர் பாய்ந்து வந்து இடுப்பில் தொங்கும் துணிப்பட்டியை உருவுவதற்குள், முன்னால் ஓடும் தோழிக்குப் பந்தை எறிந்துவிட வேண்டும். இந்த ஆட்டத்தின் விதிகளை நானே படித்துத் தெரிந்துகொண்டேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

போன வருடம் பயிற்சியாளர் அவளிடம், "உன்னிடம் நகர்வு போதாது. ஒரு மாதம் பார்ப்பேன், பிறகு உன் இடத்தை வேறொருத்திக்குக் கொடுப்பேன்" என்று சொல்லிவிட்டார். நகர்வு என்றால் ஓட்டம்தானே. விடிய எழும்பி ஓடச் சொன்னேன். ஓடினாள். ஆட்டத்திலும் இடமும் வலமுமாக ஓடினாள். அந்த வீடியோவைப் பெருமையோடு செபமாலையிடம் காட்டினேன். மடியில் கிடந்த கிழிந்த வலையைப் பொத்துவதை நிறுத்திவிட்டு மூன்று தரம் பார்த்தார்.

"நல்லா ஓடுறாள் மச்சான். ஆனா ஓடக்குள்ள ஆருக்கு எறியிறதெண்டு பாக்கிறாளில்ல."

"உனக்கு இந்த ஆட்டத்தப் பத்தி என்ன தெரியும்?"

"ஆட்டம் தெரியா. எறியத் தெரியும்."

மறுநாள் காலை என்னைத் தோணியில் ஏற்றி, வலையை என் தோளில் போட்டார். இடப்பக்கம் மீன் தண்ணீரைக் கலக்கியது. நான் சட்டென்று முழு உடம்போடும் திரும்பினேன். அடுத்த கணம் நான் வாவிக்குள், அவர் தோணிக்குள். இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்ற என்னைப் பார்த்து, "நீ மீனுக்குப் போயிட்டாய், தோணிய விட்டிட்டாய்" என்றார். பிறகு தானே எறிந்து காட்டினார். இடக்கால் கொஞ்சம், வலக்கால் கொஞ்சம். கண் மட்டும் தண்ணீரை விட்டு விலகவே இல்லை. "கண்ண எடுக்காம வெக்கிற ரெண்டு அடியே காணும், மச்சான்."

"தோணி வேற, மைதானம் வேற. எறிய ஆளில்லாட்டி ஓடத்தானே வேணும்?"

"நான் ஓட வேணாமெண்டா சொன்னன்? பாத்திட்டு ஓடச் சொல்லு."

நான் சொல்லவில்லை. அவர் எனக்குத் தெரியாமல் மகளுக்கே போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அவளும் வீட்டுத் தரையில் தோணி அகலத்துக்கு இரண்டு கோடு போட்டு, அதற்குள்ளே நின்று பழகியிருக்கிறாள். மாத முடிவில் வந்த ஆட்டத்தில் இரண்டு பேர் அவள்மேல் பாய்ந்தார்கள். அவள் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே கொஞ்சம் விலகினாள்; கண் தூரத்தில் இருந்தது; பந்து போய்ச் சேர்ந்தது. இடம் அவளுக்கே நிலைத்தது. அந்த வீடியோவையும் அவருக்கு அனுப்பிய பிறகுதான் எனக்கு அனுப்பினாள்.

அவள் வைத்தது இரண்டு அடி என்றார் அவர். மூன்று என்றேன் நான். மாதக் கணக்காக இதே பேச்சுத்தான். கடைசியாகக் கண்டபோதும் தொடங்கினேன். சிரித்தார். "மூண்டெண்டே வெச்சுக்க. புள்ள நிக்கிறாள்தானே."

நல்லடக்கம் முடிந்து வந்து அந்த வீடியோவை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். நான் மூன்றாவது என்று எண்ணியது, பந்து கையை விட்டுப் போன பிறகு ஊன்றிய கால்.

அவருடைய வலை பிள்ளைகளிடம் இருக்கிறது. எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். மகள் ஆடும்போது இப்போது முதலில் அவள் காலைப் பார்ப்பதில்லை, கண்ணைப் பார்க்கிறேன். ஓட்டத்தைப் பற்றிய என் கருத்தில் பாதியை இன்னும் விடவில்லை. ஆனால் எண்ணிக்கையில் செபமாலை சொன்னதுதான் சரி.

இரண்டு.