இரண்டே கோல் அடித்தவர்

நியூ ஜெர்சியில் எனக்கு முதலில் கிடைத்தது ஒரு மறுவாழ்வு மையத்தில் பிசியோதெரபிஸ்ட் வேலை. மூன்றாவது வாரமே, என் உச்சரிப்பு புரியவில்லை என்று இரண்டு நோயாளிகள் வேறு ஆள் கேட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன்.

"ஆக்சென்ட்டுக்கெல்லாம் யாராவது அழுவாங்களா? நாளைக்கு தைரியமா போ," என்றார் கணவர்.

மறுநாள் வந்தவர் எழுபதைத் தாண்டிய இத்தாலியர். முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. காலை மடக்கச் சொன்னேன். மடக்காமல், "எந்த ஊர்?" என்றார்.

"மெட்ராஸ். வியாசர்பாடி. அங்கே தெருவுக்குத் தெரு கால்பந்துதான்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கால் மடங்கியது.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கதையைச் சொன்னார். இத்தாலியின் தெற்கே ஒரு மீனவர் வீட்டுப் பையன். இரண்டாம் உலகப் போர் முடிந்த சில வருடங்களில் வடக்கிலிருந்த ஒரு அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே அவர் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். சாப்பிடும்போதுகூடத் தனியாகத்தான் உட்காருவாராம். ஆனால் நடுக்களத்தில் பந்தை வாங்கி, சரியான ஆளுக்குத் தட்டிவிடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பன்னிரண்டு வருடத்தில் அவர் அடித்தது இரண்டே கோல்.

மழையில் நடந்த ஓர் ஆட்டத்தில் முழங்கால் போனது. மாற்று ஆட்டக்காரரை இறக்க முடியாத காலம். ஓரத்தில் நொண்டியபடியே கடைசிவரை நின்றிருக்கிறார். அதோடு அவர் ஆட்ட வாழ்க்கை முடிந்தது. கப்பலேறி அமெரிக்கா வந்து அண்ணனின் பேக்கரியில் சேர்ந்து, அதே காலோடு முப்பது வருடம் அடுப்படியில் நின்றார்.

"வருத்தமாக இல்லையா?" என்றேன்.

"மீன் பிடிக்க வேண்டியவனைப் பன்னிரண்டு வருடம் விளையாட விட்டார்கள். இதில் என்ன வருத்தம்?"

ஒருநாள் மேலாளர் வந்து, "உங்களுக்கு வேறு ஆளை மாற்றித் தரட்டுமா?" என்று அவரிடம் கேட்டார். நான் அவர் காலிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"இந்தப் பெண் சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது," என்றார் பெரியவர். "நீங்கள் பேசுவதுதான் வேகமாக இருக்கிறது."

மேலாளரே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு என்னை மாற்றும் பேச்சு எழவில்லை.

கடைசி நாளன்று கைத்தடியை என் மேசையருகே விட்டுவிட்டுப் போனார். மறந்துவிட்டாரென்று வாசல்வரை ஓடினேன்.

"அடுத்து வருகிறவருக்குக் கொடு," என்று சொல்லிவிட்டு, கார் நின்ற இடம்வரை தனியாக நடந்தார். அவர் மனைவி கார் கதவைத் திறந்துவிட்டார்.

அந்த வேலையில்தான் எங்களுக்கு கிரீன் கார்டு வந்தது. கடிதத்தைப் பிரித்ததும் கணவர் ஊருக்கு போன் போட ஓடினார். எனக்கு முதலில் நினைவு வந்தது அந்தப் பெரியவரின் முழங்கால்தான்.