உடைய வேண்டிய போல்ற்றுகள்

"அந்தப் பிள்ளை முப்பத்தொரு வயசிலையும் பொம்மை பிளேன் விட்டுக்கொண்டு திரியுது." என் தங்கை சிவப்பிரியாவைப் பற்றி ஜேர்மனியில் எங்கள் ஹனோவர்த் தமிழர் மத்தியில் உலாவும் பேச்சு இது. கல்யாண வீட்டில், கோயிலில், கடையில் அரிசி வாங்கும் இடத்தில்கூட என் காதுபடச் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொம்மையாம்! பதினான்கு கிலோ எடை, இரண்டு பக்க இறக்கையையும் பூட்டினால் எங்கள் வரவேற்பறைச் சுவரிலிருந்து சுவருக்குத் தொடும். தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

பிரியா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். பகல் முழுக்க, கண்ணுக்கே தெரியாத ஆணிகளைக் கண்ணாடிக் கரைகளில் முறுக்குவது அவள் தொழில். வீட்டுக்கு வந்தால் நிலவறைக்குள் இறங்கிவிடுவாள். அங்கேதான், தரையில் நின்று ரிமோட்டால் ஓட்டும் அந்த விமானத்தை மூன்று குளிர்காலமாகக் கட்டினாள். பால்சா மரமும் ஒட்டுப்பலகையும் வாங்கி, அறுத்து, உரஞ்சி, ஒட்டி, மஞ்சள் தாள் போர்த்தினாள். நகரத்துக்கு வெளியே மாதிரி விமானக்காரரின் கழகத்துக்கு ஒரு புல்வெளி இருக்கிறது. கோடையில் அங்கே நடக்கும் பொதுப் பறப்பு நாளில் முதன்முதலாக அதை மேலே ஏற்ற வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

அந்த விமானத்தில் அவளுக்கு அதிகம் தலையிடி கொடுத்தது இறக்கையோ எஞ்சினோ அல்ல. தரையில் உருளும் சில்லுகளைத் தாங்கும் கால். வில்லுப்போல வளைந்த அலுமினியத் தகடு அது. வயிற்றுப் பலகையில் நான்கு மரையாணியால், போல்ற்றால், பூட்ட வேண்டும். எந்தப் போல்ற்? கழகத்தில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அவள் ஒருவரையும் நம்பவில்லை. பழைய பலகையில் காலைப் பூட்டி, மண் மூட்டையைக் கட்டி, மேலிருந்து போட்டுப் போட்டுப் பார்த்தாள். மெல்லிய நைலோன் போல்ற் சும்மா இறங்கினாலே முறிந்தது. தடித்தது முறியவே இல்லை, பலகையைப் பிய்த்துக்கொண்டு வந்தது. இடைப்பட்ட ஆறு மில்லிமீற்றர் நைலோன்தான் சரியாக வந்தது. சாதாரண இறக்கத்துக்குத் தாங்கும், பெரிய அடி விழுந்தால் முறிந்து காலைக் கழற்றிவிடும். விமானம் வயிற்றால் புல்லில் சறுக்கி நிற்கும்.

நைலோன் காய்ந்தால் நொறுங்குமாம். அதற்காகப் போல்ற்றுகளை என் தேநீர்ச் சட்டியில் போட்டு அவித்தாள். "பிரியா, அதிலை நாளைக்குத் தேத்தண்ணி வைக்கோணும்" என்று நான் கத்தினேன். அவித்ததை ஈரத் துணித்துண்டோடு ஜாம் போத்தலில் அடைத்து வைத்தாள். அவ்வளவு பாடு!

இனி என் புருஷன் புவனேந்திரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். அதில் குறையில்லை. ஆனால் அவருடைய கை சும்மா இருக்காது. யார் வீட்டுக்குப் போனாலும் கதவுப் பிணைச்சலை இறுக்கிவிட்டுத்தான் கதிரையில் இருப்பார். பறப்பு நாளுக்கு அவர் கோயில் ஆட்கள், வேலைக்கூட்டாளிகள், தன் தமக்கை குடும்பம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார். அன்று காலை வாகன பூசையும் வைத்தார். புதுக் கார் எடுத்தால் செய்வோமே, அதேதான். எங்கள் கார் கொட்டகையில் விமானத்தை நிறுத்தி, சந்தனம் பூசி, பூ வைத்து, சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். தேங்காய் அடித்ததைப் பக்கத்து வீட்டு ஜேர்மன்காரி ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். பிரியா சிரித்துக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, குளிக்கப் போனாள். நான் ரோல்ஸ் பொரிக்கக் குசினிக்குப் போனேன்.

எலுமிச்சம்பழத்தைச் சரிபண்ணக் குனிந்த மனுஷனின் கண்ணில் வெள்ளைப் போல்ற்றுகள் பட்டிருக்கின்றன. பிளாஸ்ரிக்! இத்தனை பேர் பார்க்க வருகிற நாளில், தன் மைத்துனியின் விமானத்தில் பிளாஸ்ரிக்! அவருக்குப் பொறுக்கவில்லை. பெட்டி நிறைய இரும்புப் போல்ற் வைத்திருப்பவர் அல்லவா? அதே தடிப்பில் நான்கைத் தேடி எடுத்து, இருந்ததைக் கழற்றிவிட்டு, நறுக்கென்று இறுக்கினார். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. பிரியாவும் பார்க்கவில்லை. விடியத் தன் கையாலேயே பூட்டியதை ஏன் திரும்பக் குனிந்து பார்க்கப் போகிறாள்?

அவள் பறக்கவிட்டது மட்டும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மஞ்சள் விமானம் மரங்களுக்கு மேலே வட்டமடித்தது. ஜேர்மன்காரர் கைதட்டினார்கள். எங்கள் சனம் விசிலடித்தது. எனக்கு அழுகை வந்தது. பிறகு இறங்கும்போது பக்கக் காற்று ஒன்று தள்ளிவிட்டது. ஒரு சில்லு, அகழெலி கிளறிய மண்குவியலில் போய் மோதியது. எங்கேயும் நடப்பதுதான். போல்ற் முறிந்து கால் கழன்றிருக்க வேண்டும். கழலவில்லை. கால் வயிற்றையே கிழித்துக்கொண்டு போனது, மூக்கு மண்ணில் குத்தியது, விமானம் தலைகீழாகப் புரண்டது. இடது இறக்கை முறிந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது.

பிரியா ஓடிப்போய் முழங்காலில் இருந்தாள். கிழிந்த பலகைத் துண்டு இன்னும் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் நான்கு இரும்புத் தலைகள் பளபளத்தன.

"இது ஆர் போட்டது?"

"நான்தான் பிள்ளை," என்றார் என் மனுஷன், மூச்சிரைக்க வந்து நின்று. "பாத்தீரே? போல்ற்றிலை ஒரு கீறல் இல்லை! இரும்பு போட்டே இந்தக் கோலமெண்டால், அந்தப் பிளாஸ்ரிக்கோடை விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?"

எனக்கு அவர் தலையில் ரோல்ஸ் பெட்டியைக் கவிழ்க்கலாம்போல இருந்தது.

"அத்தான்," என்றாள் பிரியா. "அது உடையிறதுக்கெண்டுதான் போட்டனான்."

"உடையிறதுக்கு ஆரும் போல்ற் போடுவினமோ?" அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். ஒருத்தன்கூட அவளிடம் என்ன ஏது என்று கேட்கவில்லை. மூன்று குளிர்காலம் அந்தப் புல்லில் சிதறிக் கிடந்தது, இவர்களுக்குச் சிரிப்பு!

நான் அந்த நான்கு போல்ற்றையும் கழற்றி என் கைப்பைக்குள் போட்டேன். ஏனென்று அப்போது எனக்கே தெரியாது. கோபத்தில் செய்தேன்.

அதற்குப் பிறகு கதை வேறு மாதிரிப் பரவியது. பிள்ளைக்குச் சரியாகக் கட்டத் தெரியவில்லையாம். அத்தான் இரும்பு போட்டும் காப்பாற்ற முடியவில்லையாம். பிரியாவுக்கும் சேர்த்து நான் எல்லோரோடும் சண்டை பிடித்தேன். அந்தக் குளிர்காலமும் அவள் நிலவறைக்குள் இறங்கினாள். புது வயிறு, புது இறக்கை. போல்ற்றுகள் மறுபடி என் தேநீர்ச் சட்டியில் அவிந்தன. இந்த முறை நான் ஒரு சொல் சொல்லவில்லை. பூசையும் நடந்தது, எலுமிச்சம்பழமும் வைத்தோம். ஆனால் மனுஷன் கொட்டகையை விட்டுப் போகும்வரை நான் அவர் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த பறப்பு நாளிலும் ஓர் இறக்கம் பிழையாய்ப் போனது. சில்லு குழியில் விழுந்தது. 'டக்' என்று கேட்டது. கால் தனியே பறந்தது. "ஐயோ, போச்சு!" என்று என் மனுஷன் தலையில் கைவைத்தார். விமானமோ வயிற்றால் வழுக்கிக்கொண்டு போய், நாய் படுப்பதுபோலப் புல்லில் படுத்தது. பிரியா ஜாம் போத்தலைத் திறந்து நான்கு வெள்ளைப் போல்ற் எடுத்துப் பூட்டினாள். நாங்கள் தேநீர் குடித்து முடிக்குமுன் அது திரும்பவும் மேலே நின்றது. என் மனுஷன் முறிந்த போல்ற் துண்டொன்றைப் புல்லிலிருந்து பொறுக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளங்கிவிட்டது என்று நானும் நினைத்தேன்.

போன மாதம் அவருடைய தமக்கை மகளின் பிறந்தநாள். மண்டபம் நிறையச் சனம். எங்கள் மேசையில் யாரோ விமானத்தைப் பற்றிக் கேட்டார்கள். என் மனுஷன் புரியாணிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தார்.

"அது பாருங்கோ, கால் பூட்டிற போல்ற் உடையோணும். இரும்பு போடக்கூடாது, நைலோன்தான் போடோணும். நான் பிரியாவுக்கு முதலே சொன்னனான். பிள்ளை கேக்கேல்லை. பிறகுதான் விளங்கினது."

எதிரே இருந்த பிரியா கரண்டியைக் கீழே வைத்தாள். முகம் சிவந்து, கண் கலங்கி, என்னைப் பார்த்தாள்.

நான் கைப்பையைத் திறந்தேன். அந்த நான்கு இரும்புப் போல்ற்றும் அடியில் கிடந்தன. ஒரு வருஷத்துக்கு மேலாக அவற்றைச் சுமந்திருக்கிறேன். ஒவ்வொன்றாக எடுத்து என் மனுஷனின் கோப்பையில், புரியாணிக்கு மேலே வைத்தேன்.

"ஒரு கீறல் இல்லையெண்டு சொன்னனீங்களெல்லே," என்றேன். "இப்ப சாப்பிடுங்கோ."