மூடி போட்டுக் காய்ச்சிய பியர்

இன்று முதன்முறையாக வீட்டில் பியர் காய்ச்சினேன். முளைகட்டிய பார்லி ஊறிய மால்ட் தண்ணீரைச் சோறு அவிப்பதுபோல் மூடி போட்டே கொதிக்க வைத்தேன். ஒரு மணித்தியாலம் கழிந்தும் தண்ணீர் வற்றவேயில்லை.

மனைவி ஒரு சொட்டு நக்கிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, இது பியரோ, சொதியோ?"

உடனே, வீட்டிலேயே பியர் காய்ச்சும் பக்கத்து வீட்டு ஜேர்மன்காரன் யூர்கனைக் கூப்பிட்டாள். அவன் வந்து மூடியைத் தூக்கினான்.

"திறந்து வைத்து வற்றக் கொதிக்கவிடு" என்றான். அவ்வளவுதான். தண்ணீர் வற்றி அளவு சரியாக வந்துவிட்டது.

"ஆள் நல்ல கெட்டிக்காரன், என்னப்பா?" என்றாள் மனைவி.

"மூடி தூக்க எனக்கும் தெரியும்."

"அப்ப ஏனப்பா தூக்கேல்லை?" என்றாள் மகள்.

யூர்கனுக்குச் சுடச்சுட ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்துக் கொடுத்தாள் மனைவி. எனக்குக் கழுவப் பானை கிடைத்தது.

இந்தக் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில், பியர் காய்ச்சத் தெரியாத அயலவர் இருக்கிற வாடகை வீடு ஏதும் இருந்தால் சொல்லுங்கோ.