கறையில் இருந்து வரும் கரண்ட்

இன்று ரெய்னர்ஸ் லேனில் இருந்து ரயில் மாறி மாறித் தேம்ஸ் ஓரம் போய், என்னவர் வாங்கிய பழைய பாய்ப்படகில் ஏறினேன். முதல் தடவை.

படகின் பற்றரிக்கு மூன்று இடத்தில் இருந்து சார்ஜ் வருகிறது. மேலே சோலார் தகடு, கீழே எஞ்சின், கட்டி நிற்கும்போது கரையில் உள்ள பிளக்.

"புகை வந்தால் எதை நிப்பாட்டுறது எண்டு தெரியாமல் நான் இதுக்குள்ள கால் வைக்கமாட்டன்" என்று போன கிழமையே சொல்லியிருந்தேன்.

இன்று பார்த்தால் ஒவ்வொரு வயருக்கும் தனி ஃபியூஸ், தனி சுவிட்ச். ஒவ்வொரு சுவிட்சின் கீழும் வெள்ளை ஸ்டிக்கரில் தமிழ்!

ஏழு வயதில் ஊரைவிட்டு டென்மார்க் போய் அங்கேயே படித்த மனிதர். என்னோடு தமிழில்தான் சண்டை பிடிப்பார். ஆனால் தமிழ் எழுதி நான் கண்டதே இல்லை.

'வெயில்.' 'எஞ்சின்.' மூன்றாவதில், கரை என்று எழுதவேண்டிய இடத்தில், 'கறை.'

"என்னப்பா இது? உடுப்பில படுறதெல்லோ கறை! அதில இருந்தே கரண்ட் வருது?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ரெண்டு 'ர' இருக்கெண்டு எனக்கு ஆர் சொன்னது? நீர் பயப்பிடக்கூடாதெண்டுதான் எழுதினனான். உதில கிடக்கிற பேனையைத் தாரும், மாத்துறன்."

கொடுக்கவில்லை. பேனையைக் கைப்பைக்குள் போட்டு சிப்பை இழுத்து மூடினேன்.

பிறகு 'கறை' சுவிட்சை நானே போட்டேன். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது.

எல்லாரும் படகு பார்க்க வாருங்கள். தமிழ்ப் பள்ளிக்கூட ரீச்சர்மார் மட்டும் சிவப்புப் பேனையை வீட்டில் வைத்துவிட்டு வரவும்.