மஞ்சள் மட்டைப் பிரதி

எங்கள் வீட்டு முன்னறைதான் அம்மாவின் பதிப்பகம். வெளியீட்டு விழாவில் ஒருவர் மேடையேறி முதற்பிரதியை வாங்கும்வரை ஒரு புத்தகம்கூட அந்த அறையைவிட்டு வெளியே போகக்கூடாது, எழுதியவருக்கும் கிடையாது. அது அம்மா போட்ட சட்டம். ஆறு வயதில் நான் அதற்கு அம்மாவைவிடக் கறாரான காவல்காரி. வந்தவர்கள் தாளொன்றைத் தொட்டாலே முறைப்பேன்.

மாரி மழைக்குத் திருகோணமலையில் விழாவுக்கு ஆள் வராது. பசையும் காயாது. அதனால் மார்கழியில் தாள்களை அச்சடித்து மடித்து வைத்துவிட்டு, பொங்கல் முடிந்த கையோடு கட்டி வெளியிடுவதுதான் வழக்கம். அந்த வருடம் சல்லிக் கிராமத்தில் இருந்த ரீச்சரின் கவிதைப் புத்தகமும் அப்படித்தான் மடித்தபடி கிடந்தது. ரீச்சர் அம்மாவுக்குப் படிப்பித்தவர். வருத்தமாகிக் கொழும்பு ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்தவரை அந்தக் கிழமைதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இனிக் கிளினிக்குக்கும் வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அவ்வளவு சுகமாகிவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம்.

அந்தச் செய்தி வந்த காலையே அம்மா சமையலை அப்பாவிடம் விட்டுவிட்டு ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிட்டார். ஒரேயொரு புத்தகம் அன்றைக்கே வேண்டுமாம்.

"புத்தகத்துக்கு மேல்மட்டை இன்னும் கொழும்பால வரேல்லையே," என்றார் அப்பா குசினியிலிருந்து.

"வராட்டி என்ன, வீட்டில வேற மட்டை இல்லாமலோ போச்சு?"

பள்ளிக்கூடத்துக்கு மீன் வரைவதற்கென்று நான் சுருட்டி வைத்திருந்த மஞ்சள் பிறிஸ்டல் போட் மட்டை அம்மாவிடம் அகப்பட்டது. என் கண்முன்னாலேயே வெட்டினார். நான் அழுததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. பசை காயமாட்டேன் என்று அடம்பிடித்தது. அம்மா அதைவிட அடம்பிடித்தார். பழைய துணியை மேலே போட்டு அயன்பெட்டியால் தேய்த்தார், புத்தகத்தின் முதுகு கழன்றது, மறுபடி ஒட்டித் தேய்த்தார். பின்னேரம் பார்த்தபோது ஒரு பக்கம் சரிந்திருந்தாலும் அது புத்தகம்தான்.

"விழாவுக்கு முன்னம் ஒருத்தருக்கும் குடுக்க ஏலாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" என்று மறித்தேன்.

"சொன்னனான்தான். ஸ்கூட்டரில ஏறுங்கோ, பிள்ளை."

சல்லியில் ரீச்சர் தலையில் துவாய் சுற்றியபடி கட்டிலில் சாய்ந்திருந்தார். வாங்கிய புத்தகத்தை உடனே திறக்கவில்லை. மட்டையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார். அது என்னுடைய மட்டை. எனக்குப் பொறுக்கவில்லை.

"விழா அண்டைக்கு நீங்கள் இதைத் திருப்பிக் கொண்டந்து தரவேணும் ரீச்சர். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் காட்டக்கூடாது."

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். ரீச்சர் சிரித்தார்.

"ஓம் பிள்ளை, காட்டமாட்டன். எனக்கு முன்னுக்கு ஒரு கதிரை பிடிச்சு வையுங்கோ."

வைத்தேன். தை மாத விழாவில் முன்வரிசைக் கதிரையொன்றில் என் குடையை வைத்துக்கொண்டு, அதில் இருக்க வந்த பிரதம விருந்தினரையே அடுத்த கதிரைக்கு அனுப்பினேன். அம்மா மேடையிலிருந்து பார்த்தார். குடையை எடுக்கச் சொல்லவில்லை. பேசியவர்கள் எல்லோரும் ரீச்சரைப் பற்றித்தான் பேசினார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நான் காது கொடுக்கவில்லை. வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தராமல் விடுகிற ஆளில்லை ரீச்சர் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.