அத்தை வாங்கிய துப்பாக்கி

நான் நான்காம் வகுப்பில் படித்தபோது, அப்பாவின் அக்கா துப்பாக்கி வாங்குவதற்காக நாங்கள் இருந்த மட்டாஞ்சேரிக்கு வந்தாள். அவளுக்கு வண்டன்மேட்டில் ஏலத்தோட்டம் இருந்தது. மாமா இறந்தபிறகு தோட்டத்தில் இறங்கும் காட்டுப்பன்றிகளோடு மல்லுக்கு நின்றது அவள்தான். மாமாவின் துப்பாக்கி உரிமத்தைத் தன் பேருக்கு மாற்றப் போன ஒவ்வொரு அலுவலகத்திலும், வீட்டில் ஆண்பிள்ளை யாரும் இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கோபம் ஆறாமலேயே பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

வெலிங்டன் தீவில் துறைமுக அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தன் துப்பாக்கியை விற்கிறார் என்று அப்பாவின் மிளகு மண்டியில் சொல்லியிருந்தார்கள். சுக்குக் கிடங்குக்கு மேலே அவர் வீடு. பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்பதால் நானும் தொற்றிக்கொண்டு போனேன்.

அத்தைதான் வாங்குகிறாள் என்று அப்பா சொன்னார். அந்த மனிதர் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுத் துப்பாக்கியை அப்பாவிடம் நீட்டினார். அப்பா மிளகு மூட்டையைத் தவிர எதையும் எடைபோட்டுப் பார்த்தறியாதவர். வாங்கி மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார். வெளிநாட்டுச் சரக்கு, ஒரு தடவை சுட்டால் அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும் என்று அந்த மனிதர் அப்பாவுக்கு விளக்கினார். காட்டுக்குப் போய் நாலு வருஷமாகிவிட்டது, எடுத்துத் துடைப்பதோடு சரி என்றார். அத்தை ஏதாவது கேட்டால் அதற்கும் பதிலை அப்பாவைப் பார்த்தே சொன்னார்.

"காலியா இருக்கா?" என்று அத்தை கேட்டாள்.

"காலியாணு. நோக்கிக்கோ சாரே," என்று அவர் அடியிலிருந்த தோட்டாப் பெட்டியைக் கழற்றி அப்பாவிடம் காட்டிச் சிரித்தார். பெட்டி காலிதான்.

அத்தை எழுந்து வந்து அப்பாவின் மடியிலிருந்து துப்பாக்கியை எடுத்தாள். முனையை ஜன்னலுக்கு வெளியே ஆகாயத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டு, பக்கவாட்டுக் கொண்டியைப் பின்னால் இழுத்தாள். குழலுக்குள் முன்பே ஏறியிருந்த ஒரு தோட்டா தெறித்து, பலகைத் தரையில் உருண்டு, என் கால்விரலில் வந்து முட்டியது. அதுவரை அந்தக் குழல் நான் உட்கார்ந்திருந்த முக்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அந்த மனிதர் மறந்துபோயிருக்கும் என்றார். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அத்தை குனிந்து தோட்டாவை எடுத்தாள். அவள் குரல் உயரவில்லை.

"காட்டுக்குப் போயி நாலு வருசம்னீங்க. அப்ப இது யாருக்கு?"

அவர் காலிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். அத்தை பிறகு எல்லாவற்றையும் பார்த்தாள். கொண்டியைத் திறந்து வைத்து, அதன் பின்னால் வெளிச்சத்துக்கு ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு முனை வழியாகக் குழலுக்குள் பார்த்தாள். உள்ளே துரு தின்று பள்ளம் பள்ளமாக இருந்தது. மரக்கட்டையின் கழுத்தில் விரிசல். அதன்மேல் மெழுகு பூசியிருந்தார்கள். விசை தொட்டாலே விழுந்தது. ஒவ்வொன்றையும் அப்பாவிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். அப்பா வேண்டாம் என்று எழுந்துவிட்டார். எனக்கும் அந்த ஆளைக் கடிக்கலாம் போல இருந்தது.

அத்தை தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். நானும் போனேன். அடுக்களையில் அவர் மனைவி நின்றிருந்தார். தம்ளரைக் கொடுத்த கையால் அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சேச்சி, இது கொண்டு போய்க்கோ. இன்னு தன்னே," என்றார். காற்றைப் போல வந்தது குரல். இன்றைக்கே எடுத்துப் போங்கள் என்கிறாரே, ஓட்டைத் துப்பாக்கியைத் தலையில் கட்டப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஏமாற்றுகிறார்கள் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

வெளியே வந்த அத்தை, அவர் சொன்ன விலைக்கே வாங்கிக்கொள்கிறேன் என்றாள். ஒரு நிபந்தனை: பெயர் மாற்றம் முடியும்வரை துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனில் இருக்க வேண்டும், இப்போதே போய் ஒப்படைக்க வேண்டும். வீட்டில் இருக்கிற தோட்டாக்களும் கூட. அவர் நாளைக்குப் பார்க்கலாம் என்றார். அத்தை பணப்பையைத் திறந்துகொண்டு நின்றாள். முழங்காத மேகம் மாதிரி இருந்தது அவள் முகம். பணத்தைப் பார்த்ததும் அவர் செருப்பைத் தேடினார்.

ஸ்டேஷனில் எல்லாம் முடிந்து, இஞ்சி வண்டிகளுக்கு நடுவே வீட்டுக்கு நடந்தோம். வழியெல்லாம் அப்பா கத்தினார். உனக்குப் பைத்தியமா, துருப்பிடித்த இரும்புக்கு யாராவது பேரம் பேசாமல் கொடுப்பார்களா, அவன் நம்மைக் கொல்லப் பார்த்தான், நீ அவனுக்குக் கூலி கொடுத்துவிட்டு வருகிறாய் என்று. அத்தை முன்னால் நடந்துகொண்டே இருந்தாள். அப்பா பக்கம் நியாயம் இருந்தது. அதற்குப் பலம் சேர்க்க நான் அடுக்களையில் நடந்ததைச் சொல்லிக்கொடுத்தேன்.

"அந்தம்மாதான்பா இன்னிக்கே எடுத்துட்டுப் போகச் சொன்னா. அத்தை கையை விடவே இல்ல."

அப்பா சட்டென்று நின்றார். ஒரு கைவண்டிக்காரன் வைதுகொண்டே ஒதுங்கிப் போனான். அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தாள்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா," என்றார் அப்பா.

"சொன்னா நீ அவன் சட்டையைப் பிடிப்ப. நாம கெளம்பி வந்தப்புறம் அவதானே அங்க இருக்கணும்." அத்தை மறுபடியும் நடக்க ஆரம்பித்தாள். "துப்பாக்கியை மட்டுந்தாண்டா எடுக்க முடிஞ்சுது."

அதற்குப் பிறகு அப்பா திட்டவில்லை. நான் சொல்லிக்கொடுத்தது வீணாகிவிட்டதே என்று கோபமாக வந்தது. அந்த வீட்டில் அத்தை வேறு எதை எடுக்க நினைத்திருப்பாள் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். சுவர்க்கடிகாரமும் மான்கொம்பும்தான் ஞாபகம் வந்தன. இரண்டும் விற்பதற்கு என்று யாரும் சொல்லவில்லை.